கதவும் பெயரும்: நம்மட கரையில் லொகினுக்கு ஒரு சிறு வரலாறு

இணையத்தளம் ஒன்று செய்வோம் என்று நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். லொகின் ஒழுங்காக வேலை செய்யுமா, யாரும் பூந்து குழப்பமாட்டாங்களா என்பது ஒன்று. ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிற மாதிரி உள்ளே என்னத்தைப் போடுவது என்பது மற்றது. இதெல்லாம் ஐ.டி. படித்தவர்களின் வேலை, கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற உனக்கு இதில என்ன அலுவல் என்று ஒரு நண்பன் கேட்டான். கேட்கிறது நியாயம்தான். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் நம்மட அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே வரலாறு கிடக்கு. ஒன்று 2004 டிசம்பரில், மற்றது 2018 பெப்ரவரியில். அந்த இடத்துக்குப் போவதற்கு முன், கடவுச்சொல் என்ற சாமான் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்குபோட்டுப் பாவிக்கிற முறை ஒன்றை பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. சி.ரி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். ஆளுக்கு ஆள் தனிக் கோப்பு, தனி நேர அளவு. எது யாருடையது என்று பிரிப்பதற்குத்தான் கடவுச்சொல் வந்தது. வந்த கையோடேயே அது உடைந்தும் போனது. 1962இல் அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்குக் கிடைத்த 4 மணித்தியாலம் போதவில்லை. கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சடித்துத் தரச்சொல்லி ஒரு துளை அட்டையில் கட்டளை போட்டார், மெஷினும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. 1966இல் நடந்தது இன்னும் மோசம். இரண்டு கோப்புகள் இடம் மாறியதில், அன்றைய அறிவித்தல் வரவேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொல்லும் எல்லாருக்கும் முன்னால் வந்து விழுந்தது.

இதற்கு ஒரு பரிகாரத்தை ரொபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்கள். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காதே, அரைத்து வை. அரிசியை இடித்து மாவாக்கினால் மாவிலிருந்து பழையபடி அரிசி எடுக்க ஏலாது தானே. நீங்கள் லொகின் பண்ணும்போது கொடுக்கிற சொல்லை மறுபடி அதே மாதிரி அரைத்து, முன்னால் இருக்கிற மாவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மா வேறு வேறாக வரவேண்டும் என்பதற்காக அரைக்கும் முன் ஆளுக்கு ஆள் வேறுபட்ட ஒரு சிறு எண்ணைச் சேர்ப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘உப்பு’. இது தெரிந்து 30 வருடத்துக்குப் பிறகும், 2009இல் ரொக்யூ என்ற கம்பனி 3 கோடி 20 இலட்சம் பேருடைய கடவுச்சொற்களை அரைக்காமல் அப்படியே வைத்திருந்து பறிகொடுத்தது. அந்தப் பட்டியலில் ஆகக் கூடுதலான ஆட்கள் வைத்திருந்த கடவுச்சொல் 123456.

குக்கி வந்த கதை சின்னது. இணையப் பக்கத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி இல்லை. ஒரு பக்கம் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போனால் நீங்கள் யாரென்று சேர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் கம்பனியில் இருந்த லூ மொன்ருல்லி, ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் நம்பர் எழுதிய துண்டு தருவது போல ஒன்றைக் கண்டுபிடித்தார். கதவில் ஒரு தரம் பெயரைச் சொன்னால் போதும், பிறகு துண்டைக் காட்டிக்கொண்டு போகலாம். துண்டு இன்னொருவன் கையில் போனால் அவன்தான் நீங்கள். பொதுக் கணினியில் ‘லொக் அவுட்’ பண்ணு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதில் எனக்குச் சிரிப்பு வாற இடம், கடவுச்சொல் மறந்தால் கேட்கிற கேள்வி. ‘உங்கள் தாயின் குடும்பப் பெயர் என்ன?’ இதை இரகசியம் என்று நினைத்தவர் நம்மட பக்கம் வந்ததே இல்லை. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் குடி தாய்வழியில் வருகிறது. இன்னார் எந்தக் குடி, உம்மா யார், மூத்தம்மா யார் என்று தெருவுக்கே தெரியும். கலியாணம் பேசினால் முதற் கேள்வியே அதுதான். வேறு நாட்டில் வேறு ஊரில் பாதுகாப்பாக இருக்கிற கேள்வி இங்கே திறந்த கதவு. அங்கேயும் அது பெரிய பாதுகாப்பு இல்லை என்று 2008இல் தெரிந்தது. அமெரிக்க உப ஜனாதிபதி வேட்பாளர் சேரா பெய்லினின் யாகூ மெயிலை ஒரு மாணவன் திறந்தது, செய்திகளில் வந்த விபரங்களை வைத்து இப்படியான கேள்விக்குப் பதில் சொல்லித்தான்.

சரி, 2004க்கு வருவோம்.

டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். இலங்கையில் மாவட்டக் கணக்கில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறையில், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று தொடங்கி பொத்துவில், அறுகம்பை வரைக்கும் கரையோரம் முழுக்க. அறுகம்பைப் பாலம் உடைந்து தெற்குப் பக்கம் துண்டுபட்டது. எனக்கு ஞாபகம் இருக்கிற வயதில்லை. வீட்டில் கேட்டு வளர்ந்த கதைதான். அந்தக் கதைகளில் நான் கவனித்த ஒரு விஷயம், அந்த வாரம் முழுக்க ஆட்கள் பட்டியல் தேடி அலைந்தார்கள். பள்ளிவாசலில் ஒரு பட்டியல், பாடசாலை முகாமில் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றையும் வேறு வேறு கை எழுதியது.

அதே கிழமைகளில் கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்த தொண்டர்கள் ஒன்றுகூடி ‘சஹனா’ என்ற இணையத்தளத்தை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சஹனா என்றால் நிவாரணம். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதன் பின்னால் நின்றது. காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி செய்கிற நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு, இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டினார்கள். அனர்த்தத்துக்காக அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பாவனைக்கு வந்தது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்த மூலமாக விட்டதால், 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதையே கொண்டுபோனார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹனாவுக்குக் கொடுத்தது. நம்மட கரையில் செத்த ஆட்களின் பெயரைத் தேடுவதற்காகத் தொடங்கிய ஒரு மென்பொருள் உலகம் சுற்றியது என்று நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். பாடசாலையில் ஒரு வரி சொல்லித்தரவில்லை.

இந்த மாதிரித் தளத்தைக் கட்டும்போது லொகின் என்பது வேறு மாதிரியான கேள்வியாக மாறிவிடுகிறது. பிள்ளையைத் தேடுகிற ஒரு உம்மாவிடம், முதலில் கணக்குத் திற, ஈமெயில் கொடு, எட்டு எழுத்தில் கடவுச்சொல் வை என்று கேட்க முடியுமா? முடியாது. அதே நேரம், கண்டவனும் வந்து ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போகவும் விட ஏலாது. இதே பிரச்சினை அடுத்த வருடம் அமெரிக்காவிலும் வந்தது. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது காணாமல் போனவர்களுக்கென்று பல தளங்கள் தனித்தனியாகப் பட்டியல் போட்டன. ஒன்றில் இருக்கிற பெயர் மற்றதில் இல்லை. கடைசியில் தொண்டர்கள் கூடி, எல்லாப் பட்டியலும் ஒரே அமைப்பில் பேசிக்கொள்ளும்படி ஒரு பொது வடிவத்தை எழுதினார்கள். 2010இல் ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்குப் பிறகு கூகுள் செய்த ஆள்தேடும் தளம் அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் தேடவோ தகவல் எழுதவோ கணக்குத் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தலையிடி பெயர். முகம்மது, முஹம்மது, முஹம்மத், முகமது, மொஹமட். அஞ்சும் ஒரே ஆளாக இருக்கலாம், அஞ்சு ஆளாகவும் இருக்கலாம். இங்கிலீசில் எழுதினால் இன்னும் கூடும். அமெரிக்காவில் 1918லேயே இதற்கு ‘சவுண்டெக்ஸ்’ என்று ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். உயிரெழுத்தையெல்லாம் கழித்துவிட்டு, கிட்டத்தட்ட ஒரே ஒலி உள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால், மொஹமட்டும் முஹம்மதும் ஒரே குறியீட்டில் வந்து விழும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஊரில் பாதிப் பேர் முகம்மதாக இருக்கும்போது அந்தக் குறியீட்டை வைத்து என்ன செய்கிறது? அதோடு நம்மட ஆட்களின் பெயருக்கு முன்னால் நிற்கிற ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். மாதிரியான எழுத்துகளை இணையப் படிவம் எங்கே போடச் சொல்கிறது? ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என்று இரண்டு பெட்டி. நமக்குக் கடைசிப்பெயர் என்று ஒன்று கிடையாது. வாப்பாவின் பெயரைப் போட்டால் ஒரு மாதிரி, தன் பெயரை உடைத்துப் போட்டால் இன்னொரு மாதிரி. அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, பேஸ்புக்கில் ஒன்று.

தமிழில் எழுதினால் தீருமா என்றால், அதற்குள்ளும் ஒரு குழி இருக்கு. 2000களின் தொடக்கத்தில் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகவும் அரைப்புள்ளியாகவும் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது, தேடினாலும் அகப்படாது. யூனிகோட்டில் தமிழ் 1991லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000க்குப் பிறகுதான் சாதாரண ஆளின் கணினிக்கு மெல்ல மெல்ல வந்தது. யூனிகோட் வந்தும் ஒரு விஷயம் மிஞ்சிவிட்டது. ‘நௌஷாத்’ என்று எழுதிப் பாருங்கள். ‘நௌ’ என்பதை ஔகாரக் குறியோடு ஒரு முறையில் தட்டலாம். அல்லது நகரத்துக்கு எகரக் கொம்பு போட்டுப் பக்கத்தில் சாதாரண ளகரத்தைத் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. ‘கொ’ மாதிரி எழுத்தை இரண்டு துண்டாகத் தட்டினால் அதை ஒன்றாகச் சேர்த்துவிடுகிற விதி யூனிகோட்டில் இருக்கு. இந்த ளகரத்துக்கு அப்படி விதி இல்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து.

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நௌபர், நௌஷாத், ஜௌபர், ரௌப், மௌலவி என்று நம்மட ஊர்களில் ஔகாரம் நிறைந்து கிடக்கு. பயனர் பெயரைத் தமிழில் வைக்கலாம் என்று ஒரு தளம் விட்டால், ஒரே மௌலவியின் பெயரில் இரண்டு கணக்கு திறக்கலாம். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. யார் எழுதினது என்று சண்டை வந்தால் தளம் நடத்துகிறவனுக்கும் தெரியாது. தமிழ்ப் பெயரில் லொகின் கட்டுகிற ஆள் இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக எண்ணும்படி தானே எழுதி வைக்க வேண்டும். வெளிநாட்டில் செய்து வருகிற ஆயத்த மென்பொருளில் இது இருக்கும் என்று நம்பி இருக்க ஏலாது. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஐ.டி. படிப்பை விட ஊரில் நாலு நௌஷாத்தைத் தெரிந்திருப்பதுதான் உதவும்.

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய கதை இந்த இடத்தில் எனக்குப் பிடித்தமானது. 2003 செப்டம்பர் 30இல் அதில் முதல் பதிவை இட்டவர் யாரென்று தெரியாது. அவர் கணக்குத் திறக்கவில்லை, பெயர் போடவில்லை. அப்போது இடைமுகம் முழுக்க இங்கிலீஷ். அந்த நவம்பரிலிருந்து யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் வெளிநாட்டில் இருந்துகொண்டு அதன் பெரும்பகுதியைத் தமிழாக்கினார், பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார். பெயரில்லாத ஒருவர் கதவைத் தட்ட, பெயரோடு ஒருவர் உள்ளே வந்து வீட்டைக் கட்டினார். இரண்டு பேரும் உள்ளே வர விட்டதற்குக் காரணம், அந்த மென்பொருள் லொகினில் நம்பிக்கை வைக்கவில்லை. பக்க வரலாற்றில் வைத்தது. எந்த வரியை யார், எத்தனை மணிக்கு மாற்றினார், மாற்றும் முன் என்ன இருந்தது என்று எல்லாம் அடுக்காக நிற்கும். மத்ரசாவில் ஓதிய ஆட்களுக்கு இது புதுசாகத் தெரியாது. ஹதீஸுக்கு இஸ்னாத் பார்க்கிற மாதிரித்தான். இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அந்தத் தொடரில் பலவீனமான ஆள் யார்.

நூலகம் தளமும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் ஓடுகிறது. 2005இல் சில இளைஞர்கள் ஊதியமில்லாமல் தொடங்கிய வேலை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது அந்த முயற்சிக்குப் பின்னால் நிற்கிற நினைவு என்று சொல்வார்கள். எனக்கு அந்த வருடமும் கண்ணில் படுகிறது. கடல் வந்துபோன அடுத்த மாதங்கள். கரையில் காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் தண்ணீரில் போன ஆட்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த காலம். நூலகத்தில் ஒரு புத்தகம் வாசிக்க லொகின் கேட்பதில்லை. ஒப்படைக்கு ஆதாரம் தேடுகிற ஒவ்வொரு தவணையும் இதற்காக நான் நன்றி சொல்லியிருக்கிறேன். வாசிக்க வந்த ஆளைக் கதவில் மறித்து ஈமெயில் கேட்கிற தளங்களை நான் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், நீங்களும் போயிருப்பீங்க.

ஈர்க்கிற உள்ளடக்கம் என்ற பேச்சுக்கு இப்போது வரலாம். 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் பக்கங்களை அடுக்கும் முறையை மாற்றுவதாக அறிவித்தது. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கூடக் கதைக்கிற, கருத்துப் போடுகிற விஷயங்களை மேலே காட்டப்போகிறோம் என்றது. அடுத்த மாதம், பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்தில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கதை கிளம்பியது. கடையில் நின்ற ஆளைச் சூழ்ந்துகொண்டு, வற்புறுத்தி ஓம் என்று சொல்ல வைத்த காணொளி பேஸ்புக்கில் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் கிடந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்ல நாளெடுத்தது. அப்படி மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதற்குள் திகன பற்றி எரிந்தது. மார்ச் 7இல் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் கம்பனி அந்த வன்முறையில் தங்கள் தளம் பாவிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது.

ஜனவரி மாற்றம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அதை நிறுவ என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்ல வருவது இதுதான். லொகின் என்று பார்த்தால் உலகத்திலேயே பலமான கதவுகளில் ஒன்று அந்தக் கம்பனியுடையது. உண்மைப் பெயர் வை என்று கேட்கும், போனுக்கு இலக்கம் அனுப்பும், புது ஊரிலிருந்து திறந்தால் சந்தேகப்படும். உள்ளடக்கம் ஈர்க்கிறதா என்று பார்த்தால் அந்தக் காணொளியை விட ஈர்த்தது அந்த வாரம் வேறொன்றும் இல்லை. நாம் தளம் கட்டும்போது கேட்கிற இரண்டு கேள்விக்கும் அது முழுப் புள்ளி எடுத்திருக்கும். அங்கே இல்லாமல் போனது பக்க வரலாறு. இதை முதலில் ஏற்றினது யார், வெட்டினது யார், ஓம் என்று சொல்லும் முன் அந்த ஆளிடம் என்ன கேட்கப்பட்டது என்ற தொடர் பார்க்கிறவனுக்குக் கிடைக்கவில்லை.

முடக்கிய அந்த நாட்களில் இன்னொன்றும் தெரிந்தது. செய்தி, ஜனாஸா அறிவித்தல், கடை விளம்பரம் என்று எல்லாவற்றையும் பேஸ்புக் பக்கத்தில் வைத்திருந்த ஊர்களுக்குப் போக வேறு இடமிருக்கவில்லை. நம்மட பக்கத்துப் பாஷையில் சொன்னால் குடியிருக்கிறோம், ஆனால் உறுதி நம்மட பெயரில் இல்லை. 2009 ஒக்டோபரில் யாகூ கம்பனி ஜியோசிட்டீஸை மூடினபோது பழைய தமிழ்ப் பக்கங்களும் அதோடு போயின. கடவுச்சொல் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. திறக்கத்தான் கதவு இருக்கவில்லை. சொந்த டொமைன் வாங்கினாலும் ஆபத்து வேறு பக்கத்தால் வரும். சாவி முழுக்க ஒரு பொடியன் கையில் இருக்கும், அவன் கட்டாருக்குப் போவான், வருடக் காசு கட்ட நினைவூட்டல் அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போகும், ஒரு நாள் ஊர்த் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் நிற்கும். தளம் தொடங்குகிற கூட்டத்தில் ஹோஸ்டிங் கணக்கும் டொமைன் கணக்கும் யார் யார் பெயரில், இரண்டாவது சாவி யாரிடம் என்று எழுதி வைப்பது, டிசைன் என்ன நிறம் என்பதை விட முக்கியம். நிர்வாகக் கணக்கு ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை வட்ஸ்அப் குழுவில் போட்டுப் பகிர்ந்தால் பக்க வரலாறு இருந்தும் பிரயோசனமில்லை, எல்லா வரியையும் ‘அட்மின்’ எழுதியதாகத்தான் காட்டும்.

இன்றைக்குப் பொத்துவில் என்று இங்கிலீசில் தேடினால் அலை வரும். எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று, எந்த ஹோட்டலில் பலகை வாடகைக்கு. நன்றாகக் கட்டிய தளங்கள், லொகின் பண்ணி அறை பதியலாம், காசு புழங்குகிற இடம் என்பதால் சாவியும் தொலையாது. ஊரைத் தமிழில் தேடினால் சில செய்திகள், ஒரு விக்கிப் பக்கம், காணிப் பிரச்சினை பற்றிய அறிக்கைகள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கிய மாதிரி இங்கே இணையத்துக்கென்று யாரும் உட்காரவில்லை. சாமான் இல்லாமலில்லை. பாடசாலை ஆண்டு மலர்கள், பள்ளிவாசல் நிர்வாகப் பதிவுகள், விளையாட்டுக் கழகங்களின் பழைய நோட்டீஸ், 2004க்குப் பிறகு வீடு கேட்டு எழுதின மனுக்களின் பிரதிகள், கரையிலிருந்து தள்ளி இருந்ததால் தப்பின பெட்டிகளில் இன்னும் கிடக்கு. வேலையை நான் அந்தப் பெட்டிகளில் இருந்துதான் தொடங்குவேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கீழே, இது யார் வீட்டிலிருந்து வந்தது, யார் படமெடுத்தது, எந்தத் திகதி என்று மூன்று வரி. வாசிக்க லொகின் வேண்டாம். நௌஷாத் என்று எந்த மாதிரித் தட்டினாலும் அந்த நௌஷாத்திடம் போக வேண்டும்.